மங்கிய மீட்டர் லென்ஸ்: துடைப்பதா, தேய்ப்பதா, திறப்பதா, மாற்றுவதா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் மீட்டர்களின் முகப்பு ஒரே நாளில் மங்கிவிடுவதில்லை என்பதால், உரிமையாளர் அதைக் கவனிப்பதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஏதோ ஒரு மாலையில் சாய்ந்த வெயில் பக்கவாட்டிலிருந்து டாஷ்போர்டின் மேல் விழும்போது, எஞ்சினின் சுழல்வேகத்தைக் காட்டும் டேகோமீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாதபடி, அதை மூடியிருக்கும் தெளிவான தகடான லென்ஸ் முழுவதும் பால் படிந்தாற்போல வெளுத்திருக்கும். அப்போது கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து அழுத்தித் துடைக்கத் தோன்றும். பெரும்பாலான கார்களில் அந்த மங்கலில் பாதியை உண்டாக்கியது, இதற்கு முன் இதேபோல் அழுத்தித் துடைத்த காய்ந்த துணிதான்.

சரிசெய்ய வழிகள் ஐந்தாறு இருக்கின்றன. சோப்புத் தண்ணீரால் கழுவலாம். பிளாஸ்டிக் பாலிஷைக் கையால் தேய்க்கலாம். நீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துப் பின் பாலிஷ் போடலாம். மீட்டர்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் பெட்டியான கிளஸ்டரைக் கழற்றி லென்ஸின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்யலாம். புது லென்ஸ் போடலாம். மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த பாலிஷை வாங்குவது என்ற கேள்வியும் இரண்டாம்பட்சமே. மங்கல் லென்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கிறதா, உட்பக்கத்தில் இருக்கிறதா, அல்லது பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் தேய்க்கத் தொடங்கியவர்கள், உள்ளே இருந்த எண்ணெய்ப் படலத்துக்காக வெளிப்புறத்தை வீணாகச் சுரண்டியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்டறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முதலில் லென்ஸின் மேலுள்ள தூசியை ஊதி அகற்றிவிட்டு, மங்கல் அதிகமாகத் தெரியும் இடத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டு நீரை வைத்து, அதன் வழியாக டயலில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். சொட்டுக்கு அடியில் மட்டும் எண் பளிச்சென்று தெளிந்தால், குறை வெளிப்பரப்பின் நுண்கீறல்களில் இருக்கிறது என்று பொருள். லென்ஸ்கள் பெரும்பாலும் செய்யப்படும் அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.49, நீருக்கு 1.33, காற்றுக்கு ஏறத்தாழ 1. கீறலின் பள்ளத்தில் காற்று இருக்கும்போது ஒளி பலமாகச் சிதறுகிறது. நீர் நிறைந்ததும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து சிதறல் பெருமளவு அடங்கிவிடுகிறது. சொட்டுக்கு அடியிலும் அதே மூட்டம் நீடித்தால், மங்கல் உட்பக்கத்திலோ பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயோ இருக்கிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு டார்ச் வேண்டும். இருட்டில் டார்ச்சை லென்ஸின் விளிம்போடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக ஒளியை விட்டால், வெளிக்கீறல்கள் சிலந்தி வலைபோல வளைவு வளைவாக மின்னும். உட்படலமோ கோடுகள் இல்லாமல், வெற்றிலை எச்சில் காய்ந்த கண்ணாடிபோலத் திட்டுத் திட்டாகத் தெரியும். லென்ஸின் தடிப்புக்குள்ளேயே, குறிப்பாகத் துளைகளையும் கிளிப்களையும் சுற்றி, வெள்ளி இழைகள்போல மின்னும் கோடுகள் தெரிந்தால் அவை வெடிப்புகள். அவற்றை எந்த பாலிஷும் போக்காது. காலையில் மட்டும் நீர்த்திவலையாகப் பூத்து, கார் சூடானதும் மறைந்துபோகும் மூட்டம் வேறு வகை. அது ஈரக்கசிவைத் தேட வேண்டிய விஷயம். முன்கண்ணாடியிலும் பிசுபிசுப்பான படலம் படிந்து, உள்ளே இனிப்பான மணமும் வீசினால், ஹீட்டரிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். லென்ஸைத் துடைப்பது அதற்கு அப்புறம்.

அடுத்து, லென்ஸ் எதனால் ஆனது என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப், 1962-இல் வந்த எம்ஜிபி போன்ற கார்களின் வட்ட மீட்டர்களில் உண்மையான கண்ணாடி இருக்கிறது. நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், தொட்டால் குளிர்ந்திருக்கும். 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காலத்துக் கார்களில், எல்லா மீட்டர்களையும் சேர்த்து மூடும் ஒரே பெரிய பிளாஸ்டிக் லென்ஸ் வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் அக்ரிலிக்காக இருக்கும், சிலவற்றில் பாலிகார்பனேட்டாக இருக்கும். அக்ரிலிக் சற்றுக் கடினமானது என்பதால் பாலிஷை நன்றாக ஏற்கும். பாலிகார்பனேட் எளிதில் உடையாது, ஆனால் மேற்பரப்பு மென்மையானது. அதனால் அதன்மேல் பெரும்பாலும் ஒரு கடினப் பூச்சு கொடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பூச்சை ஓரிடத்தில் தேய்த்து எடுத்துவிட்டால் முழுவதும் எடுக்காமல் தீராது. எதிரொளிப்பைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட லென்ஸ்களும் உண்டு. அவற்றின் சீரான மங்கலைக் குறை என்று எண்ணி ஓரிடத்தில் பாலிஷ் போட்டால், அங்கே மட்டும் ஒரு பளபளப்பான வட்டம் நிரந்தரமாக நிற்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சில திரவங்களை லென்ஸின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அசிட்டோனும் தின்னரும் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். அமோனியா கலந்த ஜன்னல் கண்ணாடித் திரவமும் ஆல்கஹாலும் உடனடியாக எந்தக் கெடுதலும் செய்யாததுபோலத் தோன்றும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. அச்சில் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் லென்ஸின் துளைகளிலும் மூலைகளிலும் வார்க்கும்போதே இறுக்கம் தங்கிவிடுகிறது. இந்தத் திரவங்கள் பட்டால் அந்த இடங்கள்தான் பின்னர் வெடிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நான் கிருமிநாசினி ஆல்கஹால் துணியால் ஒரு லென்ஸைத் துடைத்தேன். ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் டிரிப் மீட்டரைப் பூச்சியமாக்கும் குமிழ் வெளியே வரும் துளையைச் சுற்றி, மறுநாள் காலையில் சூரியகாந்தி இதழ்கள்போல நுண்வெடிப்புகள் விரிந்திருந்தன. முதல் நாள் இருந்த கைரேகையைப் போக்கப் போய், என்றும் போகாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

சோப்புத் தண்ணீர் மிக மலிவானது, மிகக் குறைவாக மதிக்கப்படுவது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைச் சில சொட்டுகள் விட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, அழுத்தம் கொடுக்காமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். துணியின் மடிப்பை ஒவ்வோர் இழுப்புக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் இழுப்பில் எடுத்த மணல்துகளே இரண்டாம் இழுப்பில் கீறும். திரவத்தை லென்ஸின் மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது, ஏனெனில் அது விளிம்பு வழியாக டயலுக்குள் இறங்கிவிடும். புகைப்பழக்கமுள்ளவர் ஓட்டிய கார்களிலும், டாஷ்போர்டுக்கு சிலிகோன் பளபளப்புத் திரவம் அடித்த கார்களிலும், இந்த ஒரு வேலையே பாதி மங்கலை எடுத்துவிடும். மீதமிருப்பது கீறலா படலமா என்பதும் இதற்குப் பிறகுதான் தெளிவாகத் தெரியும். ஆகவே இதை மற்ற எல்லா வழிகளுக்கும் முதல் படியாகவே கொள்ள வேண்டும்.

கையால் பாலிஷ் போடுவதைத்தான் வெளிப்பரப்பில் நுண்கீறல் உள்ள பெரும்பாலான லென்ஸ்களுக்கு நான் பரிந்துரைப்பேன். பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் 1933-இல் ஜெர்மனியில் பதிவான அக்ரிலிக், பின்னர் போர் விமானங்களில் விமானியை மூடும் தெளிவான விதானங்களாகப் பரவியது. கீறிய விதானத்தை மாற்றாமல் தெளிவாக்கும் கைவேலை நமக்கு அங்கிருந்துதான் வந்தது. இன்று கிடைக்கும் நோவஸ் என்ற வரிசையில் மூன்று எண்கள் உள்ளன: 3 ஆழமான கீறலுக்கு, 2 நுண்கீறலுக்கு, 1 சுத்தம் செய்யவும் நிலைமின்னைத் தணிக்கவும். மெகுயர்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்ட்எக்ஸ் ஒரே புட்டியில் நடுத்தர வேலையைச் செய்கிறது. நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பார்த்து, நகம் தடுக்காவிட்டால் நோவஸ் 2 அல்லது பிளாஸ்ட்எக்ஸ் போதும். நகம் தடுக்கினால் கையால் எவ்வளவு தேய்த்தாலும் கீறலின் கரைகள் வழவழப்பாகுமே தவிர, பள்ளம் மறையாது.

இதில் தவறுவதற்கு இடம் குறைவு. சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கையும் திருகுகளையும் காகித டேப்பால் மறைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சொரசொரப்பான கறுப்புப் பரப்பில் பாலிஷ் காய்ந்தால் அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு சிறு நாணய அளவு பாலிஷை மெல்லிய துணியில் எடுத்து, உள்ளங்கை அளவுப் பகுதியில் வட்டமாகத் தேய்த்து, அரைகுறையாகக் காயும்போது வேறொரு துணியால் எடுத்துவிட்டு, அதையே மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். முதல் சுற்றில் முன்னேற்றம் தெரியாது. இரண்டாம் சுற்றில் நம்பிக்கை பிறக்கும். பவர் டிரில்லில் பஞ்சுச் சக்கரத்தை மாட்டி வேலையை விரைவாக்க நினைப்பவர்கள், அக்ரிலிக் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. சக்கரம் ஒரே இடத்தில் ஓரிரு நொடிகள் அதிகமாக நின்றால், அங்கே உருகிய சுருக்கம் ஒன்று விழுந்துவிடும்.

பற்பசையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. அதிலும் தேய்ப்புத்துகள் இருப்பதால் அது ஓரளவு வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் பசைக்குப் பசை துகளின் பருமன் மாறுகிறது, அது எவ்வளவு என்று குழாயின் மேல் எழுதியிருப்பதில்லை. விலைமதிப்புள்ள ஒரு லென்ஸில் அளவு தெரியாத துகளைத் தேய்க்க எனக்கு மனம் வருவதில்லை.

உப்புத்தாள் வழி, பலன் தருவதிலும் கெடுப்பதிலும் மற்ற எல்லாவற்றையும் விஞ்சியது. நகம் தடுக்கும் கீறல் லென்ஸின் நடுவில், முள்ளின் பாதையில் இருந்தால் மட்டுமே இதைத் தொட வேண்டும் என்பேன். தத்துவம் எளிது: கீறலின் அடிப்பள்ளம் வரை சுற்றியுள்ள பரப்பையும் சமமாகத் தேய்த்து எடுத்து, அதனால் உண்டான சொரசொரப்பைப் படிப்படியாக நுண்மையாக்குவது. உப்புத்தாளின் எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும்: பி1500 தாளின் துகள் சுமார் 12.6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), பி2000-இன் துகள் சுமார் 10.3, பி2500-இன் துகள் சுமார் 8.4. இங்கே பலர் வழுக்கும் ஓர் இடம் உண்டு. விமான விதானங்களுக்காக உருவான மைக்ரோ-மெஷ் துணிகளும் 1500-இலிருந்து 12000 வரை எண்ணிடப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றின் 1500 என்பது சுமார் 30 மைக்ரான், அதாவது சாதாரண பி1500 தாளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கரடானது. பி2000 வரை தேய்த்துவிட்டு, அடுத்த படி என்று எண்ணி மைக்ரோ-மெஷ் 2400-ஐ எடுத்தால் முன்னேறவில்லை, பின்வாங்குகிறோம். ஏதேனும் ஒரு வரிசையைத் தேர்ந்து அதிலேயே கடைசிவரை செல்வது நல்லது.

தாளைச் சிறிது நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தட்டையான ரப்பர்க் கட்டையில் சுற்றி, ஒரு தாளை மேலிருந்து கீழாகவும் அடுத்த தாளை இடமிருந்து வலமாகவும் இழுக்க வேண்டும். முந்தைய தாளின் கோடுகள் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். தாள் மாறும்போது கிண்ணத்தின் நீரையும் மாற்ற வேண்டும், ஏனெனில் முந்தைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு துகள் போதும், மறுபடி தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். விரல் நுனியை வைத்துக் கீறலின் மேல் மட்டும் தேய்ப்பவர்களுக்குக் கீறல் போய்விடும். ஆனால் அங்கே ஒரு குழி விழுந்து, அதன் அடியில் முள் கடக்கும்போது நீரில் விட்ட குச்சிபோல வளைந்து தெரியும். முதல் தாளைத் தேய்த்ததும் லென்ஸ் முழுவதும் பனிக்கண்ணாடியாகிவிடுவதைப் பார்த்துக் கலங்கி நடுவில் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். லென்ஸைக் காரிலிருந்து கழற்றாமல் இந்த வேலையைச் செய்வது சரியல்ல, ஏனெனில் அரைத்த பிளாஸ்டிக் பாலும் நீரும் சேர்ந்து இடுக்குகளில் இறங்கிவிடும்.

கிளஸ்டரைக் கழற்றித் திறப்பதைப் பலர் கடைசி வழியாக வைக்கிறார்கள். தண்ணீர்ச் சொட்டுச் சோதனையில் மங்கல் உட்பக்கம் என்று தெரிந்துவிட்டால் இதுவே முதல் வழி. டாஷ்போர்டின் பிவிசி தோலை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற வேதிப்பொருள் வெயிலில் ஆவியாகி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படிவது எல்லோரும் பார்த்ததே. அதே ஆவிதான் மீட்டர் லென்ஸின் உட்பக்கத்திலும் படிகிறது. இந்தப் படலம் சோப்புத் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். தேய்க்கவே வேண்டியதில்லை. இருபது ஆண்டு மங்கலை ஒரு தொட்டி வெந்நீர் தீர்க்கும் என்பதை, கழற்றிப் பார்க்கும் வரை நம்புவது கடினம்.

வேலையின் கடினம் கழுவுவதில் இல்லை, அங்கே போய்ச் சேருவதில் இருக்கிறது. பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையைக் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங்கில் காற்றுப்பை உள்ள கார் என்றால், கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் உள்ள கார்களில், அதன் பூட்டை விடுவிக்காமல் கிளஸ்டரை இழுத்தால் உடைவது கேபிளாக இருக்காது, மீட்டரின் முனையாக இருக்கும். கிளஸ்டரின் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புப் பாதைகள் ஓடுகின்றன. இணைப்பைப் பிடுங்கும்போது அந்தத் தாள் உரிந்துவிட்டால், லென்ஸ் தெளிந்தும் விளக்கு எரியாத நிலை வரும். லென்ஸைப் பிடித்திருக்கும் கிளிப்கள் வயதாகி நொறுங்கும் தன்மையில் இருக்கும் என்பதால், குளிர்ந்த காலையில் அவற்றை வளைக்கக் கூடாது. கிளஸ்டரை வெதுவெதுப்பான அறையில் சிறிது நேரம் வைத்து, ஒவ்வொரு கிளிப்பாகப் பிளாஸ்டிக் நெம்பியால் தளர்த்த வேண்டும்.

லென்ஸ் பிரிந்ததும் முட்களும் டயலும் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் டயலைத் துடைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பளபளப்பில்லாத கறுப்பு மையின் மேல் விரல் பட்டால் எண்ணெய்த் தடம் நிற்கும், ஈரத்துணி பட்டால் எண்களின் மை கூட வரலாம். கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதுகுமிழால் தூசியை ஊதினால் போதும். கம்ப்ரஸர் காற்றுக்கு முள்ளைத் தள்ளிவிடும் வலிமை உண்டு. கழுவிய லென்ஸை இறுதியில் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசி, சாய்த்து வைத்துத் தானாகக் காயவிட்டால் நீர்க்கறை நிற்காது. வெளிப்பக்கத்துக்கு பாலிஷ் போட வேண்டியிருந்தால் அதற்கும் இதுவே நேரம். இரண்டு வேலைகளையும் ஒரே கழற்றலில் முடித்துவிடலாம்.

புது லென்ஸ் என்பது கேட்பதற்கு எளிய தீர்வு. வெடிப்பு விழுந்த லென்ஸுக்கு வேறு வழியும் இல்லை. வட்டமான, தட்டையான லென்ஸ் என்றால் வார்ப்பு அக்ரிலிக் தகட்டில் அளவெடுத்து வெட்டிக்கொள்ளலாம். வளைந்த ஒற்றை லென்ஸை அப்படி வெட்ட முடியாது. மறுஉற்பத்திப் பிரதி கிடைக்கிறதா, அல்லது உதிரிக்கு வாங்கும் பழைய கிளஸ்டரின் லென்ஸ் நம்முடையதைவிட நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கிளஸ்டரை வாங்கிவிட்டு, அதற்கும் இதே மங்கல் இருப்பதைக் கண்டவர்கள் உண்டு, ஏனெனில் அதுவும் இதே வெயிலைத்தான் பார்த்தது. கண்ணாடி மீட்டர்களில் கணக்கு தலைகீழ்: கண்ணாடியிலுள்ள கீறலை, கண்ணாடிக்கு மெருகேற்றும் பொடியான சீரியம் ஆக்சைடால் தேய்த்துப் போக்க நெடுநேரம் பிடிக்கும், அதைவிடப் புதுத் தட்டை வெட்டிப் போடுவது எளிது. சிரமம் கண்ணாடியில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் குரோம் வளையத்தில் இருக்கிறது. சில வளையங்களைச் சற்றுத் திருப்பினால் அவற்றின் விளிம்பிலுள்ள சிறு காதுகள் பள்ளத்துக்கு நேராக வந்து கழன்றுவிடும். விளிம்பை மடித்து அடைத்த வளையங்களைத் திறந்தால், திறந்த தடம் தெரியாமல் மறுபடி மடிப்பது பழகிய கைக்கே முடியும்.

மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது அப்படி அடைத்த வளையத்துக்கும், கார் ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் நின்றுபோன கிளஸ்டருக்கும் பொருந்தும். இருளில் ஒளிரும் பூச்சு பூசிய மிகப் பழைய டயல்களுக்கு அது கட்டாயம் என்பேன், ஏனெனில் அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும். அதை வீட்டு மேசையில் திறக்கக் கூடாது. வெறும் மங்கலுக்காகக் கொடுப்பது, பணத்தைவிட வாரக்கணக்கில் கார் முடங்கிக் கிடப்பதால் உறுத்தும்.

ஆகவே என் தேர்வு இப்படி அமையும். சொட்டுக்கு அடியில் எண் தெளிந்து, நகமும் தடுக்காவிட்டால், காரிலேயே வைத்துக் கழுவி, கையால் பாலிஷ் போட்டு நிறுத்திவிடுவேன். ஒரு மாலைக்குள் முடியும் வேலை. சொட்டுக்கு அடியிலும் மூட்டம் இருந்தால், பாலிஷ் புட்டியைத் திறக்காமலே கிளஸ்டரைக் கழற்றுவேன். நகம் தடுக்கும் கீறல் ஓரத்தில் இருந்தால் அதோடு வாழ்வேன். நடுவில் இருந்தால், மாற்று லென்ஸ் எங்கே கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே உப்புத்தாளை நனைப்பேன். இந்த வரிசையில் பலரும் என்னோடு மாறுபடுவது கடைசி இடத்தில்தான்: மாற்று கிடைக்காத லென்ஸைத்தானே தேய்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். தேய்த்துக் கெட்டால் திரும்ப முடியாத லென்ஸ் என்பதாலேயே நான் தயங்குகிறேன்.

வேலை முடிந்து எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, எஞ்சின் ஓடாதபோதும் எரிபொருள் முள் பாதியில் தொங்குவதையோ, லென்ஸின் மேல் விரலை நகர்த்தினால் முள்ளும் கூடவே அசைவதையோ கண்டு பதற வேண்டாம். தேய்த்ததில் பிளாஸ்டிக்கில் ஏறிய நிலைமின்னூட்டம் இலேசான முள்ளை இழுக்கிறது. நோவஸ் 1 போன்ற நிலைமின் தணிக்கும் திரவத்தாலோ, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலோ ஒருமுறை மெதுவாக இழுத்துவிட்டால், முள் தன் இடத்துக்குத் திரும்பி விழும்.